அடுப்படியில் மிச்சம் பிடிக்க: சட்டி, பெட்டி, புத்தகம்

கடையநல்லூர் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் பாட்டி காலத்து வெண்கலப் பானையும் இருக்கும். சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்து இன்னும் டப்பா பிரிக்காத மின்சாதனமும் இருக்கும். அதனால் இந்த ஊரில் சிக்கனத்துக்கு முதல் வேலை கடைக்குப் போவதல்ல, ஏணி போடுவது. இருப்பதில் எதைக் கீழே இறக்கலாம், எதை ரிப்பேர் பார்க்கலாம், எதைக் கொடுத்துவிடலாம் என்று பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும். சாமானின் விலையை ஒருமுறை கொடுக்கிறோம். அது தின்னும் கேஸுக்கும் கரண்டுக்கும், மாற்ற வேண்டிய பாகங்களுக்கும் வருஷக்கணக்கில் கொடுக்கிறோம். கீழே இருப்பவை அந்த இரண்டாவது கணக்கைப் பார்த்து எழுதியவை.

1. குக்கரில் விசில் எண்ணுவதை விட்டுவிடுங்கள். குக்கருக்குள் அழுத்தம் ஏறினால் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. முதல் விசில் வந்ததும் அந்தச் சூடு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு தீயைச் சிம்மில் வைத்து நிமிஷத்தைப் பாருங்கள். அடுத்தடுத்து வரும் விசில் எல்லாம் நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய நீராவி வெளியே போகிற சத்தம். அரிசியும் காயும் வைத்தால் முக்கால் அளவுக்குக் கீழேயே, மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்துங்கள். நுரைக்கிற பருப்புக்குப் பாதிதான். கீழே சோறு, மேல் அடுக்கில் பருப்பு, அதற்கும் மேல் உருளைக்கிழங்கு என்று ஒரே ஏற்றத்தில் முடித்தால் ஒரு அடுப்பு சும்மா இருக்கும். காஸ்கெட்டை மூடியிலேயே விட்டு வைக்காமல் கழற்றிக் கழுவித் தட்டையாக வைத்தால் நெடுநாள் உழைக்கும். வெயிட், சேஃப்டி வால்வு, காஸ்கெட் மூன்றும் அதே கம்பெனியுடையதாக இருக்கட்டும். இந்த ஒரு இடத்தில் விலை குறைந்ததைத் தேடக்கூடாது.

2. கேஸ் அடுப்பில் தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் ஓட்டைகளில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். பர்னர் நன்றாக ஆறியபின் ஊசியால் குத்திவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்துப் பொருத்துங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு கேஸ் அடுப்பு குறைந்தது 68 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுத்தால் போதும். நல்ல அடுப்பிலேயே இவ்வளவு வீணாகிறது என்றால், சின்னக் கிண்ணத்தைப் பெரிய பர்னரில் வைத்து, தீ ஓரத்தில் ஏறி நக்க விடுகிற வீட்டில் எவ்வளவு போகும் என்று பாருங்கள்.

3. இந்தப் பட்டியலில் நான் மிகவும் சிபாரிசு செய்வது சூடாறாப்பெட்டி. செங்கோட்டை வழியாக ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கேரளத்து வீடுகளில் இதைப் பார்க்கலாம். 1962-இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பு, புகை குறைந்த விறகடுப்போடு சேர்த்து இதையும் வீடு வீடாகப் பரப்பியது. அங்கே தின்கிற குத்தரிசி வேக நேரமாகும். எரிபொருள் மிச்சம் அவர்களுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. நம் புழுங்கலரிசிக்கும் அது பொருந்தும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இங்கிலாந்தில் வைக்கோல் அடைத்த பெட்டியில் சமைத்ததும் இதே முறைதான்.

விஷயம் இவ்வளவுதான்: கொதிக்கிற தண்ணீர் தீயைக் கூட்டினாலும் 100 டிகிரிக்கு மேல் போகாது. அரிசி வேகச் சூடு வேண்டும், தளதளப்பு வேண்டாம். எனவே அரிசியை நன்றாகக் கொதிக்க வைத்து, ஐந்து முதல் பத்து நிமிஷம் ஆனதும், மூடியை இறுக்கி அப்படியே பானையோடு பெட்டிக்குள் இறக்கி அடைத்துவிட வேண்டும். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சோறு வெந்திருக்கும், எடுத்து வடிக்கலாம். அந்த நேரம் முழுக்க அடுப்பு அணைந்திருக்கிறது.

கடையில் எவர்சில்வரில் கிடைப்பதை வாங்கலாம். வீட்டிலும் செய்யலாம். உறுதியான மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ எடுத்து, அடியிலும் சுற்றிலும் மூன்று நான்கு அங்குலத்துக்கு வைக்கோலையோ பழைய கம்பளியையோ திணியுங்கள். தறி ஓடுகிற வீடு பக்கத்தில் இருந்தால் கழிவு நூல் கேட்டு வாங்குங்கள். அதைப்போல் அடைக்க வசதியானது இல்லை. மேலே மூட ஒரு இலவம்பஞ்சுத் தலையணை. தெர்மோகோல் பெட்டி என்றால் சூடான பானை நேரடியாகப் படக்கூடாது, உருகும்; இடையில் தடித்த துணி வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகத் தொடங்கும். எனவே சோற்றையோ பருப்பையோ இரவு முழுக்க உள்ளே விட்டு வைக்காதீர்கள், கறி மீனை இதில் வைக்கவே வேண்டாம். ராஜ்மா போன்ற பெரிய பயறை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே பெட்டிக்கு மாற்ற வேண்டும். அரைவேக்காட்டில் அது வயிற்றைப் புரட்டும்.

4. அரசு கொடுத்த மிக்ஸியை ஒதுக்கிவிடாதீர்கள். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்தவை பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. பெரும்பாலும் போயிருப்பது சின்னச் சாமான்தான்: ஜாரின் வாஷர், கீழே இருக்கும் கப்ளர், மோட்டாரின் கார்பன் பிரஷ். ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி பட்டென்று நின்றால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்பு பட்டன் இருக்கும். கொஞ்சம் ஆறவிட்டு அதை அமுக்கினால் பல சமயம் மறுபடி ஓடும்.

5. உளுந்தை மட்டும் கிரைண்டரில் ஆட்டுங்கள். கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955-இல் கல்லோடு மோட்டாரை இணைத்ததிலிருந்து தமிழ்நாட்டு அடுப்படியில் நடந்த மாற்றம் பெரிது. கல் மெதுவாகச் சுற்றுவதால் மாவு சூடாகாமல் பொங்கி வரும். மிக்ஸியில் அதே உளுந்து அவ்வளவு காணாது. உளுந்து விலைக்கு இது சின்ன விஷயமில்லை. அரிசியை எதில் அரைத்தாலும் சரி.

6. வெளிநாட்டுச் சாமான். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இந்த ஊரின் தனிப்பட்ட செல்வம், தனிப்பட்ட தலைவலி. 1941-இலேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஒரு சங்கம் ஏற்படும் அளவுக்கு நெசவை விட்டுக் கடல் தாண்டிய குடும்பங்கள் இங்கே உண்டு. பிறகு வளைகுடா. ரைஸ் குக்கர், பிளெண்டர், கெட்டில் என்று பெட்டி பெட்டியாக வரும்.

முதலில் சாமானின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் நம் ஊர் கரண்டுக்குச் சரி. சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத்துச் சாமான்கள் இப்படித்தான் இருக்கும். ஜப்பானுக்குள் விற்கிற சாமான் 100 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே சொருகினால் புகையோடு முடிந்துவிடும். சவூதியிலிருந்து வந்த பழைய சாமான்களையும் பார்க்காமல் சொருகக்கூடாது. அங்கே வீடுகளில் 127 வோல்ட் வெகுகாலம் இருந்தது.

அடுத்தது பிளக். சிங்கப்பூர், மலேசியா, துபாயில் தட்டையான மூன்று கால் பிளக். நம் சுவருக்கு உருண்டைக் கால். நடுவே ஒரு மலிவு அடாப்டரைச் சொருகி ரைஸ் குக்கர் ஓட்டுவது, அது இளகிக் கருகும் வரைதான். கெட்டில், குக்கர் போன்ற சூடேற்றும் சாமான்களுக்கு எலக்ட்ரீஷியனைக் கொண்டு 16 ஆம்பியர் இந்திய பிளக் மாட்டிவிடுங்கள். எர்த் கம்பியை விட்டுவிடாமல் மாட்டச் சொல்லுங்கள். தட்டைப் பிளக்குக்குள் ஃப்யூஸ் ஒன்று உண்டு. நம் பிளக்கில் அது கிடையாது, எனவே சுவர்ப்பக்கம் சரியான எம்.சி.பி. இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லலாம்.

மூன்றாவது, உதிரிப் பாகம் தென்காசியிலாவது கிடைக்குமா என்று விசாரியுங்கள். கிடைக்காது என்றால் அனுப்புகிறவரிடம் சொல்லிவிடுவது நல்லது: “மாமா, அடுத்த தடவை மிஷின் வேண்டாம், பேரீச்சம்பழம் போதும்.”

7. நான்ஸ்டிக் தவாவின் ஆயுள் அதன் பூச்சு இருக்கும் வரை. அந்தப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெடத் தொடங்கும். வெறும் தவாவை அடுப்பில் வைத்துவிட்டுப் பேச்சில் இருந்தால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். வார்ப்பிரும்புத் தோசைக்கல் பேத்தி காலம் வரை வரும். புதுக்கல்லைச் சில நாள் வடிகஞ்சியில் ஊறவைத்துக் கழுவி, எண்ணெய் தடவி, அரிந்த வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்க வேண்டும். இரும்புச்சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் கொஞ்சம் இரும்புச்சத்தும் இறங்கும். ஆனால் ஆனதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

8. மண்பானைக்கு நம் ஜில்லாக்களில் காருகுறிச்சிதான் பெயர் பெற்றது. தண்ணீர்ப் பானையை மணல் பரப்பிய தட்டில், காற்று வரும் இடத்தில் வையுங்கள். பானை கசிந்து, கசிந்தது ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. அதனால் சித்திரை வைகாசியில் ஜில்லென்று இருக்கும். சாரல் அடிக்கிற ஆனி ஆடியில், காற்றிலேயே ஈரம் இருப்பதால், அவ்வளவு குளிராது. பானையைக் குறை சொல்லாதீர்கள். மண்சட்டியில் மீன்குழம்பு வைத்தால் கடைசி ஐந்து நிமிஷம் தீ தேவையில்லை, சட்டியின் சூடே போதும்.

9. இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கும் முன் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பாத்திரங்களின் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாதது எதுவும் அதில் வேலை செய்யாது. அலுமினியம், செம்பு, மண் எல்லாம் போச்சு. 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் அரை மணி ஓடினால் ஒரு யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், கரண்டு குறைவாகச் செலவாகும் சின்னக் குடும்பத்துக்கு டீ, பால், முட்டை அளவில் இது லாபமே. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி வரும் வீடு யோசிக்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் கூடுதலான யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுகளுக்கும் விலை மாறும்.

10. சாரல் தொடங்கும் முன், வைகாசி வெயில் இருக்கும்போதே, பருப்பு, மிளகாய்வத்தல், மல்லி எல்லாவற்றையும் சுளகில் பரப்பிக் காயவைத்து, ஆறியபின் டப்பாவில் அடைத்துவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் கொஞ்சம் தடவினால் வண்டு அண்டாது. அரிசிக்குக் காய்ந்த வேப்பிலை.

11. ஓலைப்பெட்டி வெங்காயம், பூண்டுக்கு, காற்றுப் புகும். பருப்புக்கு அது கூடாது.

12. புளியங்குடி பக்கத்தில் இருக்கிறது; எலுமிச்சை நகரம் என்றே பெயர். இருந்தும் கோடையில் பழம் விலை ஏறும்போது எல்லோரும் வாங்குகிறோம், மழைக்காலத்தில் கொட்டிக் கிடக்கும்போது கண்டுகொள்வதில்லை. மலிந்த நாளில் வாங்கி, துடைத்து ஈரம் போக உலர்த்தி, நான்காக வகிர்ந்து உப்பிட்டுப் பீங்கான் ஜாடியில் போடுங்கள். தினம் ஒருமுறை குலுக்கினால் சாறு விட்டு முங்கும். எவர்சில்வர் டப்பாவும் அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது. பிழிந்த தோலை வீசாமல் உப்பைத் தொட்டுப் பித்தளைப் பாத்திரம் தேய்க்கலாம்.

13. வடித்த கஞ்சியைச் சாக்கடையில் விடுகிற பழக்கம் குக்கரோடு வந்தது என்பார்கள். குக்கரில் கஞ்சியே இல்லை. வடிக்கிற வீடுகளில் அதற்கு மூன்று வேலை உண்டு: உப்புப் போட்டுக் குடிக்க, ரசத்தில் சேர்க்க, வேட்டிக்குப் போட. பாவுக்குக் கஞ்சி போட்டு விறைப்பேற்றிய ஊருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

14. ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி 2011 ஜூன் முதல் விலையில்லை. புழுங்கலரிசியை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, நாலு பங்குக்கு ஒரு பங்கு உளுந்தும் ஒரு ஸ்பூன் வெந்தயமும் போட்டு ஆட்டினால் இட்லிக்குக் குறையில்லை.

15. இனி புத்தகம். சமையல் புத்தகம் செலவைக் கூட்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. முப்பது சாமான் எழுதி வைத்த புத்தகம் கூட்டத்தான் செய்யும். ஆனால் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ போன்ற பழைய புத்தகம் வேறு ரகம். கல்யாணமாகிப் புதிதாக அடுப்படிக்கு வந்த பெண்ணுக்கு அம்மா பக்கத்தில் இல்லையே என்று எழுதிய மாதிரி, சாம்பார் ரசத்திலிருந்து ஊறுகாய் வரை அளவு சொல்லிக் கொடுக்கும். அளவு தெரிந்தால் மிஞ்சாது. சைவச் சமையல்தான், கறி, மீனுக்கு உங்கள் உம்மாவையோ மாமியாரையோ உட்கார வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். “கண்ணளவுதான்” என்பார்கள். அவர்கள் கையால் போட்டதைப் போட்டவுடன் தராசில் நிறுத்து எழுதுங்கள்.

பழைய புத்தகங்களில் வரும் அளவுகளை ஒரு அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால் வசதி. ஒரு படி இரண்டு உரி. ஒரு உரி இரண்டு உழக்கு. ஒரு உழக்கு இரண்டு ஆழாக்கு. ஆக, படிக்கு எட்டு ஆழாக்கு. நிறுத்தலில் ஒரு பலம் ஏறத்தாழ 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், 280 கிராம். ஐந்து சேர் ஒரு வீசை, 1,400 கிராம். படி மட்டும் ஊருக்கு ஊர் கொஞ்சம் வேறுபடும் என்பதால், அரிசி, பருப்பின் விகிதத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை உங்கள் கை சொல்கிறபடி விடுங்கள்.

16. சமையல் குறிப்பே இல்லாத, ஆனால் அடுப்படிக்கு அவசியமான ஒரு புத்தகம் உண்டு. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் டாக்டர் அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலைச் சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார். அந்தக் கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் அவர் சகாக்களும் 1971-இல் அதை விரித்துப் புத்தகமாக்கினார்கள். ஆங்கிலம்தான், ஆனால் பட்டியல் என்பதால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை படித்துச் சொல்லிவிடும்.

அதில் 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம். அதே எடை பசும்பாலில் 120. சத்து மாவு டப்பாவின் விலையை ஒரு கிலோ கேழ்வரகின் விலையோடு வைத்துப் பார்க்க இதுபோதும். பால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேழ்வரகிலிருப்பது முழுவதும் உடம்பில் சேர்வதில்லை, முளைகட்டினால் கூடுதலாகச் சேரும். வளர்கிற பிள்ளைக்கு எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று தீர்மானிக்க விளம்பரத்தைவிட இந்தப் பட்டியல் நாணயமானது.

17. இந்தப் புத்தகங்களை விலைக்கு வாங்க வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுவரி ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-இன் பொது நூலகச் சட்டத்தால் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதலில் அப்படிச் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம்தான். காசு ஏற்கெனவே கொடுத்தாயிற்று, உறுப்பினர் அட்டைதான் பாக்கி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் இலவசம். ‘சமையல்’, ‘பாகசாஸ்திரம்’ என்று இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

18. விலை நோட்டு ஒன்று போடுங்கள். வரவு செலவு நோட்டு வேறு, இது வேறு. பக்கத்துக்கு ஒரு சாமான்: உளுந்து, நல்லெண்ணெய், சீரகம். தேதி, கடை, கிலோ விலை. பாக்கெட் விலையை எழுதாதீர்கள். 450 கிராம், 900 மில்லி என்று அவர்கள் குறைத்துக்கொண்டே போவது கிலோ விலையில்தான் தெரியும். ஒரு வருஷம் ஓடினால் எந்த மாதம் எது மலிவு என்று நோட்டே சொல்லும். ஜப்பானில் ஹனி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-இல் குடும்பத் தலைவிகளுக்கென்று கணக்குப் புத்தகம் அச்சிட்டார். அந்த வழக்கம் இன்னும் அங்கே நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மாதப் பணம் வருகிற வீட்டுக்கு இது இரட்டை உபயோகம். “போன மாதம் அனுப்பியது என்ன ஆச்சு?” என்று போனில் கேட்கும்போது பக்கத்தைப் படித்துக் காட்டலாம்.

19. பெரிய பாத்திரம் வாங்காதீர்கள். நோன்புக் கஞ்சி, நெய்ச்சோறு, வளைகாப்பு என்று வருஷத்தில் சில நாளுக்காக வாங்கிய தேக்சா மிச்ச நாளெல்லாம் இடத்தை அடைக்கும். பாத்திர வாடகைக் கடையிலோ, பொதுப் பாத்திரம் வைத்திருக்கும் ஜமாஅத், சமுதாய மண்டபத்திலோ எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போதே அடியில் ஓட்டை, நசுங்கல் இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பித்தளை என்றால் உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கொண்டுவந்தவற்றைக் கரண்டி, ஜல்லடை, மூடி என்று சீட்டில் எழுதி வையுங்கள். தேக்சா தானாகத் திரும்பிப் போய்விடும், மூடிக்குத்தான் பணம் பிடிப்பார்கள்.